லூர்து எப்படிக் கூப்பிடுவான்

"இருபது நாளா வச்சிருக்கீங்க மேடம். ஒரு பிழைகூடக் குறிக்கல. கையெழுத்தும் போடல. என்னதான் குறை இதுல?"

சிவநேசன் உட்காராமலே கேட்டான்.

கமருன்னிசா பென்சிலை மேஜைமேல் வைத்தார்.

"குறை ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம்?"

"உக்காருங்க."

திருச்சியில் ஓர் அச்சகத்தின் மாடி அது. கமருன்னிசா அங்கே பதினெட்டு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறார். வயது முப்பத்தெட்டு. சிவநேசனைவிட ஆறு வயது சின்னவர். கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து விழாமல் கீழே மிஷின் ஓடாது. பதிப்பாளர்கூட இதுவரை அதை மீறச் சொன்னதில்லை.

இதற்கு முன் மூன்று புத்தகங்களை அவரிடம் கொடுத்து வாங்கியிருந்தான் சிவநேசன். அதிலிருந்து போகிற இடமெல்லாம் அவரைத் தன் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அது அவர் காதுக்கு எட்டியபோது, "நான் ஒற்றுப்பிழை பாக்குறவ சார்" என்றதோடு சரி.

இந்த நான்காவது புத்தகம் அவனுக்கு வேறு மாதிரி. பிளஸ் டூ வருஷத்தைப் பற்றிய நாவல். முந்நூற்றுப் பதினெட்டு பக்கம். சொந்தப் பள்ளிக்கூடம், சொந்த நண்பன். பெயர்களைக்கூட மாற்றவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் வெளியீட்டு விழா. பழைய மாணவர்கள் எல்லோரும் வருகிறார்கள். முதல் பிரதியை அந்த நண்பன் லூர்து வாங்க வேண்டும். அப்போது மைக்கைப் பிடித்து, இருபத்தேழு வருஷமாகத் தொண்டையில் நிற்கிற ஒன்றை சிவநேசன் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் நாவலையே எழுதினான்.

விஷயம் இதுதான். சிவநேசனின் அப்பா அந்தப் பள்ளியின் தாளாளர். லூர்துவின் அம்மா அந்தப் பள்ளியைப் பெருக்குகிறவர். பையன்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பிளஸ் டூவில் ஒரு ஜனவரி மாதம், கெமிஸ்ட்ரி லேபில் யாரும் இல்லாத நேரத்தில், மண்ணெண்ணெய் பாட்டிலில் கிடந்த சோடியத்தில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான் சிவநேசன். சும்மா, வேடிக்கை பார்க்க. தொட்டி பிளந்தது. ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது.

மறுநாள் காலை தாளாளர் அறையில் விசாரணை. "நான்தான் சார்" என்றான் லூர்து.

அன்றைக்கே அவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிவநேசன் பரீட்சை எழுதி இன்ஜினியரிங் போனான். லூர்து லேத் பட்டறைக்குப் போனான்.

நாவலில் அது பத்தொன்பதாம் அத்தியாயம். கையெழுத்துப் பிரதியைப் படித்த அத்தனை பேரும் அந்த இடத்தில் அழுதார்கள். எழுதும்போது சிவநேசனும் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாக வந்திருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டான். எழுத்தாளன் புத்தி.

கமருன்னிசா இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். பூராவும் பென்சில் கட்டங்கள்.

"என்ன மேடம் இது?"

"எல்லா நாவலுக்கும் போடுறது. யாரு யாரை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு. பத்தாம் பக்கத்துல நீங்கன்னு பேசின ஆளு அறுபதாம் பக்கத்துல நீன்னு பேசிடுவாரு. எழுதுறவங்களுக்குத் தெரியாது. படிக்கிறவங்களுக்கு இடிக்கும்."

சிவநேசன் தாளைப் பார்த்தான். இடது ஓரத்தில் கூப்பிடுகிறவர்கள். மேலே கூப்பிடப்படுகிறவர்கள். அல்போன்ஸ் அதே வகுப்பில் படித்த இன்னொரு பையன்.

அல்போன்ஸ் சிவநேசனை: சிவா, டா, மாப்ள.

சிவநேசன் லூர்துவை: நீ, டா, லூர்து.

லூர்து அல்போன்ஸை: டா, டேய்.

லூர்து சிவநேசனை: அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"இதை எழுத விட்டுட்டீங்க."

"விடல. கிடைக்கல."

"என்ன கிடைக்கல?"

"அவரு உங்களைக் கூப்பிடுற இடம். மூணு தடவ தேடிட்டேன். அதுக்குத்தான் இருபது நாளு."

சிவநேசன் சிரித்துவிட்டான்.

"ஒரே பெஞ்சு மேடம் நாங்க. ஒரே டிபன் பாக்ஸ். டா போட்டுத்தான் கூப்பிடுவான். வேற எப்படிக் கூப்பிடுவான்?"

"அப்ப ஒரு இடத்தைக் காட்டுங்க. நிரப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒண்ணு என்ன, நூறு காட்டுறேன்."

பிரதியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் அத்தியாயம், பஸ் ஸ்டாண்டு. லூர்து சொல்கிறான்: "கிளம்பலாமா?"

நான்காம் அத்தியாயம், கணக்கு வகுப்பு. "புரிஞ்சுதா?"

ஏழாம் அத்தியாயம், ஆற்றுக்குக் குளிக்கப் போன நாள். "ஆழம் ஜாஸ்தி. அந்தப் பக்கம் வேணாம்."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு 'அடேய்' கண்ணில் பட்டது. விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பிறகு மேல் வரியைப் பார்த்தான். சொன்னது அல்போன்ஸ்.

கமருன்னிசா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்தார்.

பன்னிரண்டாம் அத்தியாயம். மாதத் தேர்வில் ஃபெயிலாகி சிவநேசன் படிக்கட்டில் அழுகிறான். லூர்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறான்: "எல்லாம் சரியாயிடும்."

அழுகிறவனைத் தேற்றும்போதாவது ஒரு 'டா' வர வேண்டாமா? சிவநேசன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தான்.

முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்கு வந்தபோது மணி நாலு.

"லூர்து பாத்திரம்தான் இருக்கிறதுலயே நல்லா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க மேடம்."

"நானும் அதான் சொல்றேன்."

"அப்புறம் என்ன?"

"காதால கேட்டதை அப்படியே எழுதியிருக்கீங்க. ஒரு சொல்லு மாறல. அதனாலதான் கட்டம் காலியா இருக்கு."

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததை ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"இது ஒரு சின்ன விஷயம். நாளைக்குக் காலையில சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்."

"கொண்டாங்க."

புதன்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டான். பிரதி முழுக்கச் சிவப்பு மையில் 'டா' தூவியிருந்தது. 'கிளம்பலாமாடா', 'புரிஞ்சுதாடா', 'எல்லாம் சரியாயிடும்டா'. கல்யாண வீட்டு உப்புமாவில் முந்திரி போட்ட மாதிரி, கஞ்சத்தனம் இல்லாமல் போட்டிருந்தான்.

"நாப்பத்து மூணு இடம் மேடம். போதுமா?"

கமருன்னிசா பத்தொன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தார். தாளாளர் அறைக்கு வெளியே இருவரும் நிற்கிற இடம். ஸ்கேலை வைத்து மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு, லூர்துவின் பேச்சை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"நீ பேசாதடா. நான் பாத்துக்கறேன்டா."

நிறுத்தினார். சிவப்பு மையை விட்டுவிட்டுப் பழையபடி படித்தார்.

"பேச வேணாம். நான் பாத்துக்கறேன்."

கீழே மிஷின் ஓடுகிற சத்தம் மாடித் தரையில் அதிர்ந்தது.

முதல் வாசிப்பில் ஒரு சிநேகிதன் பேசினான். இரண்டாவதில் பேசியது யார் என்று சிவநேசனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வராந்தாவில் அன்று அவன் காதில் விழுந்தது இரண்டாவதுதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

"நேத்து வரைக்கும் இதுல பிழையே இல்ல சார்" என்றார் கமருன்னிசா. "இப்ப நாப்பத்து மூணு இருக்கு."

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், ஒற்றுப்பிழை பாக்கறதுதான் உங்க வேலை. எனக்கும் என் சிநேகிதனுக்கும் நடுவுல வர்றது இல்ல."

"சரிங்க சார்."

"ஞாயித்துக்கிழமை விழா. பத்திரிகை அடிச்சாச்சு. ஆளுங்கள்ளாம் வெளியூர்லேருந்து வர்றாங்க. பதிப்பாளர்கிட்ட பேசினா உங்க கையெழுத்து இல்லாமலே மிஷின் ஓடும்."

"ஓடும். பேசுங்க."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அவனைப் படுத்தியது. எழுந்து கதவு வரை போனான். பேசப் போகவில்லை. திரும்பி வந்தான்.

"என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"

கமருன்னிசா அந்தக் கட்டத் தாளை நாலாக மடித்து அவன் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"விழாவுக்கு வர்றேன்னு சொல்லிட்டாரா அவரு?"

"பாக்கலாம்னான்."

"ம்."

"பாக்கலாம்னா வருவான்னுதான் அர்த்தம்."

கமருன்னிசா அடுத்த புத்தகத்தின் மெய்ப்பை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

லூர்துவின் பட்டறை அரியமங்கலத்தில். சொந்தப் பட்டறை. இரண்டு லேத், ஒரு துளை போடுகிற மிஷின். சிவநேசன் அங்கே போவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக இருவரும் பார்த்துக்கொண்டதெல்லாம் யார் கல்யாணத்திலாவது, யார் சாவிலாவது.

அவனைப் பார்த்ததும் லூர்து மிஷினை நிறுத்தினான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன திடீர்னு? ஒரு போன் வந்திருந்தா நானே வந்திருப்பேனே."

ஸ்டூலை எடுத்து, தூசியைத் தட்டி வைத்தான்.

"இங்க உக்கார இதுதான் இருக்கு. பரவால்லையா?"

பிறகு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

மூன்றுமே அன்பான பேச்சு. மூன்றிலும் நீ இல்லை, நீங்க இல்லை, பெயர் இல்லை. நேற்றுவரை இது சிவநேசன் காதில் விழுந்ததே இல்லை. இன்று வேறெதுவும் விழவில்லை.

"லூர்து, ஸ்கூல்ல நீ என்னை எப்படிக் கூப்பிடுவ?"

"எப்படின்னா?"

"பேரு சொல்லியா, டா போட்டா?"

லூர்து சிரித்தான். "கூப்பிடுற அவசியமே வரலையே. பக்கத்துலதானே இருந்தோம்."

"விளையாடாதடா."

சிரிப்பு நின்றது. லூர்து கைத்துணியை மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான்.

"ஆறாம் வகுப்புல ஒரு நாளு கூப்பிட்டேன். ஞாபகம் இருக்காது. டேய் சிவான்னு. அம்மா வராந்தாவுல பெருக்கிட்டு இருந்தாங்க. வெளக்குமாத்துக் கட்டையாலயே அடிச்சாங்க."

சிவநேசனுக்கு ஞாபகம் இல்லை.

"மறுநாள் நீங்கன்னு பேசினேன். கிளாஸே சிரிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டும் இல்லாமப் பேசக் கத்துக்கிட்டேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல. பழகிட்டா வந்துடும்."

பின்னால் இன்னொரு லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம், "அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்க" என்றான். அவர் நிறுத்திவிட்டு வெளியே போனார். பட்டறை அமைதியானது.

"புஸ்தகத்தைப் பத்திப் பேச வந்த மாதிரி தெரியுது."

"ஆமா. அன்னைக்கு நீ ஏன் நான்தான்னு சொன்ன?"

"புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

சிவநேசன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்காகச் சொன்னன்னு."

லூர்து அவனையே பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"முதல் நாளு சாயங்காலம் லேபைக் கூட்டி அள்ளினது எங்கம்மா. யாரு பண்ணதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியாப் பாத்திருக்காங்க."

"சரி."

"மறுநாள் காலையில ஆறு மணிக்குத் தாளாளர் வீட்டு வாசல்ல போய் நின்னு, எம் மவன்தான் சார் பண்ணிட்டான்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. என்கிட்ட கேக்கல. திரும்பி வந்து, எனக்குச் சோறு போடுறப்ப சொன்னாங்க."

"ஏன்டா அப்படி?"

"வேலை போயிடும்னு பயம். எப்படியும் பழி நம்ம மேலதான் வரும், நாமளா முந்திக்கிட்டா மன்னிச்சு விட்டுடுவாங்கன்னு ஒரு கணக்கு. நான் உள்ள வந்து நின்னப்ப மேஜைமேல டி.சி. எழுதி ரெடியா இருந்துச்சு. வேற என்ன சொல்றது?"

சிவநேசனால் ஸ்டூலில் சரியாக உட்கார முடியவில்லை. இத்தனை வருஷமாக, தனக்காக ஒருவன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தான் என்ற நினைப்பில்தான் அவன் வாழ்ந்துகொண்டிருந்தான். அந்த நினைப்பு அவனுக்கு வலியாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இப்போது இரண்டும் கையை விட்டுப் போயின.

"எனக்குத் தெரியாதுடா" என்றான்.

"தெரியும்னு நான் சொல்லலையே."

"ஞாயித்துக்கிழமை மேடையில எல்லாத்தையும் சொல்லிடறேன். நான்தான் பண்ணேன்னு. உங்கம்மா போய் நின்னதையும் சொல்றேன். அத்தியாயத்தை மாத்தி எழுதிடறேன். நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும்."

"வேணாம்."

"உனக்காகத்தான்டா."

"வேணாங்குறேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயசு. இத்தனை பேரு முன்னாடி அவங்க பொய் சொன்னதை எடுத்துச் சொல்ல வேணாம்."

"அப்ப எனக்கு எப்பதான் பாரம் இறங்கும்?"

கேட்ட பிறகுதான் கேட்டது என்னவென்று சிவநேசனுக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, பிரித்து, லேத்தின்மேல் வைத்தான்.

"சரி, இதையாவது சொல்லு. இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. இது நிரம்பினாத்தான் புஸ்தகம் வரும். என்ன எழுதட்டும்? நீ சொல்றதை எழுதறேன்."

லூர்து குனிந்து தாளைப் பார்த்தான். வரைபடம் பார்க்கிற ஆள் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான். அல்போன்ஸின் வரி, பிறகு தன் வரி. காலிக் கட்டத்துக்கு நேர்மேலே அவன் விரல் நின்றது. விரலில் கிரீஸ் இருந்ததால் தாளைத் தொடாமல் எடுத்துக்கொண்டான்.

"இதையும் நான்தான் சொல்லணுமா?"

"நீ சொன்னாத்தானே சரியா இருக்கும்."

"தொட்டி ஒடஞ்சதுக்கும் நான்தான் சொல்லணும். புஸ்தகம் வர்றதுக்கும் நான்தான் சொல்லணும்."

"லூர்து, ஒரே ஒரு வார்த்தைதான்டா கேக்கறேன். ஸ்கூல்ல கூப்பிடல, சரி. இப்பக் கூப்பிடு. ஒரே ஒரு தடவ."

லூர்து கைத்துணியைத் தரையில் எறிந்தான்.

"எந்திரி."

சிவநேசன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிச்சு வெளிய போடா."

சிவநேசன் கேட்ட 'டா' அதில் இருந்தது. நிமிர்ந்து லூர்துவின் முகத்தைப் பார்த்தான். உதடு நடுங்குகிற, கண் சிவந்த, நாற்பத்து நாலு வயதுக் கோபம் அது. இவனுக்குக் கோபம் வரும் என்று முந்நூற்றுப் பதினெட்டு பக்கத்தில் ஓரிடத்திலும் அவன் எழுதியிருக்கவில்லை.

சிவநேசன் எழுந்து வெளியே போனான்.